ஏணியக்கா வைத்த பெயர்கள்

என் மனைவி போய் நான்கு மாதம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் ஹால் கூரையில் மாட்டிவைத்திருந்த வைஃபை பெட்டியை நான் படுக்க வைத்துவிட்டேன். ஃபோனில் ‘புதிய மென்பொருள் தயார்’ என்று ஓர் அறிவிப்பு வந்தது. இத்தனை வருடம் அந்த வேலையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். இனி நானும் பொறுப்பான ஆள் என்று காட்ட வேண்டாமா? பொத்தானை அழுத்தினேன். பெட்டியின் விளக்கு மினுக்கியது. இரண்டு நிமிடம் மினுக்கியது. மூன்றாவது நிமிடம், எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகியபோது சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். போதுமான தகவல் சேரும் முன்பே முடிவுக்கு வரக் கூடாது என்று இருபத்தாறு வருடமாக மாணவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் நெட்வொர்க் பார்த்தாள். ஏழு மாடி, நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், எல்லாம் கூரையில். எந்நேரமும் தோளில் அலுமினிய ஏணியோடு நடந்ததால் நர்ஸ்கள் அவளை ஏணியக்கா என்றார்கள். பல டாக்டர்களுக்கு அவளுடைய உண்மைப் பெயரே தெரியாது. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், “ஏணியக்கா வீட்டுக்காரர் நீங்கதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைவிடப் பெரிய பதவி எனக்கு வாய்த்ததில்லை.

ஒரு பெட்டி எழுந்திருக்க மறுத்தால் அவள் உடனே கைவைக்கமாட்டாள். ஏணிப் படியில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்ப்பாள். விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது, என்ன நிறம், நடுவில் எவ்வளவு நேரம் அணைகிறது என்று இடது உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வாள். வீட்டுக்கு வரும்போது கை முழுக்கப் புள்ளியும் கோடுமாக இருக்கும். சாப்பிடக் கை கழுவச் சொன்னால், “இருங்க, இன்னும் நோட்டுல ஏத்தல” என்பாள்.

புதுப் பெட்டி வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் அவள் அந்தப் பெட்டிக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். டிவிக்கு ‘வெட்டிப்பேச்சு’. பிரிண்டருக்கு ‘முரண்டு’. மகளின் லேப்டாப்புக்கு ‘மகாராணி’. எப்போதோ கடவுச்சொல் வாங்கிப்போன மாடிவீட்டுக்காரரின் ஃபோனுக்கு ‘ஓசி’. இப்படிப் பதினோரு பெயர்கள். கடிதம் எழுதுகிற பழக்கமோ டைரி எழுதுகிற பழக்கமோ அவளுக்கு இல்லை. எங்களைப் பற்றி அவள் எழுதி வைத்தது அந்தப் பதினோரு வரிதான். மருத்துவமனைப் பெட்டிகளின் விவரங்களை வாரம் தவறாமல் நகலெடுத்தவள், வீட்டுப் பெட்டிக்கு மட்டும் எடுக்கவில்லை. “இதை யாரு தொடப் போறா?” என்றாள். என் சோம்பேறித்தனத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மகள் தன் அறையிலிருந்து வந்தாள்.

“என்னப்பா பண்ணீங்க?”

“அப்டேட் போட்டேன்.”

“அப்புறம்?”

“ரொம்ப நேரம் எடுத்துச்சு.”

“அப்புறம்?”

நான் கூரையைப் பார்த்தேன். அவள், நான் மறுபடி பிடுங்கிக் கையில் வைத்திருந்த பிளக்கைப் பார்த்தாள்.

“அம்மா இருந்திருந்தா திட்டியிருப்பா” என்றேன்.

“திட்டியிருக்க மாட்டாங்க. சிரிச்சிருப்பாங்க. அது உங்களுக்கு இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்.” சொல்லிவிட்டு, “பேரெல்லாம் உள்ளதானே இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

மருத்துவமனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பதினைந்து வருடம் அவளுக்கு ஏணி பிடித்தவர்.

“பயப்படாதீங்க சார், அது சாகல. பாதித் தூக்கத்துல எழுப்பி விட்டுட்டீங்க, அவ்வளவுதான். கரண்ட்டை எடுங்க. பின்னாடி ஒரு பொடி ஓட்டை இருக்கும். அதுல ஊசியைக் குத்திப் பிடிச்சுக்கிட்டே கரண்ட்டைக் குடுங்க. எட்டு செகண்ட். விட்டீங்கன்னா மென்பொருளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். பாப்பா லேப்டாப்ல இருந்து கேபிள் வழியா அனுப்பிடட்டும். உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். ஆனா பன்னெண்டு தாண்டிச்சு, அத்தனையும் அழிஞ்சிரும்.”

“எட்டு.”

“எட்டு சார். ஏணியக்கா கடிகார முள்ளைப் பார்த்துத்தான் பிடிப்பாங்க. வாயால எண்ண மாட்டாங்க.”

“எனக்கு எண்ணத் தெரியும்.”

“தெரியாமலா, கணக்கு வாத்தியாராச்சே.”

ஏணியில் ஏறிப் பெட்டியைக் கழற்றினேன். மூன்றாவது படியிலேயே ஒரு கையால் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி நாளெல்லாம் ஏணியில் நின்றிருக்கிறாள். பெட்டியை மேசையில் வைத்துக் கேபிளை மாட்டினோம். மகள் தானே ஊசியைப் பிடிப்பதாகச் சொன்னாள்.

“நீ லேப்டாப்பைப் பாரு. கெடுத்தவன் நான், நானே பிடிக்கிறேன்” என்றேன். மேடை நாடகம் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

ஊசியைக் குத்தினேன். பிளக்கைச் செருகினேன். அவசரப்பட்டுத்தான் இந்த வினை வந்தது, அதனால் இம்முறை நிதானம் என்று மனதுக்குள் சபதம் எடுத்திருந்தேன். ஒன்று என்று சொல்லி, மூச்சை இழுத்து, விட்டு, பிறகு இரண்டு. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு நிதானமாக இருந்ததில்லை.

நான்கில் மகள் “அப்பா” என்றாள்.

“குறுக்க பேசாதே.”

ஆறில், “அப்பா, விடுங்க” என்றாள்.

“ஏழு” என்றேன். மூச்சு. “எட்டு.”

ஊசியை எடுத்தேன்.

“அது பதினாறு செகண்ட்பா” என்றாள்.

பெட்டி என்னவோ சொன்னபடி கேட்டது. அவள் அனுப்பிய மென்பொருளை விழுங்கியது. அது முடியும்வரை என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெள்ளை விளக்கு நின்று எரிந்தது. மகள் பட்டியலைத் திறந்தாள். காலியாக இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி.

   மகள் அம்மாவின் பழைய கடவுச்சொல்லையே போட்டுவிட்டு, “சொல்லுங்க” என்றாள்.

“எதை?”

“பேரை. ஒண்ணொண்ணா.”

ஒவ்வொரு கருவியாக இணைத்துப் பெயர் எழுதினோம். டிவி, பிரிண்டர், லேப்டாப். ‘ஓசி’யைச் சேர்க்க மாடிக்குப் போய் ஃபோனை வாங்கி வந்தாள், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கொடுத்தார். சமையலறை ஸ்பீக்கருக்கு என்ன பெயர் என்று இருவருக்கும் நினைவில்லை. ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தோம். இரண்டுமே அவள் அம்மா வைக்கக்கூடிய பெயராக இல்லை. அந்த வரியில் கருவியின் எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக என் ஃபோன்.

“உங்களுக்கு என்ன வச்சிருந்தாங்க? எனக்கு ஞாபகமே இல்ல” என்றாள்.

அவளுக்கு நினைவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. ‘அறிவுக்கடல்’ என்று சொல்லியிருக்கலாம். ‘ராஜா’ என்றால்கூட நம்பியிருப்பாள். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன.

“அவசரக்குடுக்கை” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்தாள். கடைசியில் லேசாக இழுத்து, அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரியே படித்தாள்.

நான் “என்ன?” என்று கேட்டுவிட்டேன்.