பீன்ஸ் ஆன நெத்திலி

பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் காட்டுவேன். ஹாலுக்கு ஒரு விதி உண்டு: அசைவம் கூடாது. புத்தகத்தில் வரும் மீனுக்கும் அது பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகப் பொருத்திக்கொண்டேன்.

பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள். ஒருத்தி மட்டும் வாசற்படியில். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊர்க்காரர் வீட்டுப் பெண், ஏழு வயது. ஒருநாள் ஸ்கூல் வேனில் அவள் டிபன் பாக்ஸ் திறந்துகொண்டதிலிருந்து மற்றவர்களுக்கு அவள் 'கருவாடு'. பாய்க்கு வா என்றால் வரமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று எடுத்துப்போனது, கொரியக் குடும்பம் ஒன்று சேர்ந்து சமைக்கும் படப் புத்தகம். கோஸ் இலையில் மிளகாய் விழுது தடவி ஜாடியில் அடைக்கும் பக்கத்தில், "ஊறுகாய்" என்று எல்லோரும் சப்புக்கொட்டினார்கள். அடுத்த பக்கத்தில் எழுத்தே இல்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் தரையில் செய்தித்தாள் விரித்து, காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஹாலின் விதி எனக்கு நினைவுக்கு வந்தது.

"எல்லாரும் சேர்ந்து பீன்ஸுக்கு நார் எடுக்கிறாங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. நான் ஒரு முறம் நெத்திலியை பீன்ஸில் மறைத்தேன்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "அது பீன்ஸ் இல்ல ஆன்ட்டி. கண்ணு கீது பாருங்க. நெத்திலி கருவாடு. எங்க ஊட்லயும் இப்டித்தான் குந்திகினு கிள்ளுவோம்."

பாயில் சிரிப்பு. "இவளுக்கு எதப் பாத்தாலும் கருவாடுதான்" என்றான் ஒருவன். "ஆன்ட்டி பீன்ஸுன்னு சொல்றாங்கல்ல? பொய் சொல்றா."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. தூத்துக்குடியில் கருவாடு தின்று வளர்ந்தவள் நான்.

"அவ சொன்னதுதான் சரி" என்றேன். "அது கருவாடுதான். பொய் சொன்னது நான்."

செயலாளரின் மனைவியைப் பார்த்தேன். அவர் போனில் மூழ்கியிருந்தார். ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காலில் செருப்போடு அவள் கேட்டாள். "ஏன் பொய் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

"நீங்க கருவாடு துன்ன மாட்டீங்களா?"

"தின்போம். ஜன்னலைச் சாத்திட்டுத்தான் பொரிப்போம்."

அவள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, பாயில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"உங்களயும் வேன்ல கிண்டல் பண்ணாங்களா ஆன்ட்டி?" என்று காதோடு கேட்டாள்.

என்னை யாரும் எந்த வேனிலும் கிண்டல் செய்ததில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. புத்தகத்தை அவள் மடியில் வைத்து, தலையை எப்படிக் கிள்ளுவது என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன்.