தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து

உலகத்திலேயே மிக நாகரிகமாகப் பொய் சொல்லும் கூட்டம் மோர்ஸ் போட்டிக்காரர்கள்தாம். கல்யாண வீட்டில் 'சாப்பாடு பிரமாதம்' என்பவர்களாவது இலையில் உட்கார்ந்து எழுந்த பிறகு சொல்கிறார்கள். நாங்கள் பரிமாறும் முன்பே சொல்லிவிடுவோம். ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலியில் இரண்டு பேர் புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில் சந்தித்தால், எதிராளி அனுப்பியது எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் தர வேண்டும். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது, ஓசைச் சுத்தத்துக்கு ஒன்பது என்பது முழு மதிப்பெண். யார் அதிகம் பேரோடு தொடர்பு கொள்வது என்பதுதான் போட்டி என்பதால், அந்த நாளில் எல்லோருக்கும் முழு மதிப்பெண்தான். கொடுத்த கையோடு, 'நீங்கள் யார்? ஒன்றும் கேட்கவில்லை, திரும்ப அனுப்புங்கள்' என்றும் கேட்போம். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

எங்கள் சங்கம் கருங்கலில் ஒரு கடை மாடியில் இருக்கிறது. தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் என்று பதவிகளுக்குக் குறைவில்லை. மோர்ஸ் தெரிந்தவர்கள்தாம் இரண்டே பேர். பள்ளியில் இயற்பியல் எடுக்கும் நானும், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணனும். மற்றவர்கள் மைக்கில் பேசுகிறவர்கள். எந்த மைக் கிடைத்தாலும் பேசுவார்கள். நான் ஒருத்திதான் பெண் என்பதால் குத்துவிளக்கு ஏற்றுவதும் வாழ்த்துமடல் வாசிப்பதும் என் தலையில் விழுந்தன.

அண்ணனும் நானும் ஒரே நாளில் உரிமத் தேர்வு எழுதியவர்கள். போட்டிக்கு மணவாளக்குறிச்சியில் என் வீடுதான் நிலையம். ஆண்டெனாக் கம்பி இரண்டு தென்னைகளுக்கு நடுவே தொங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வெள்ளை வேட்டியோடு நேரே வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். கர்த்தருக்கு முதல் வேளை, போட்டிக்கு மிச்சம் என்பது அவர் கணக்கு. மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழா நாட்களில் மட்டும் எங்களுக்கு விடுமுறை. ஜெனரேட்டரும் சீரியல் பல்புகளும் போடும் இரைச்சலில், அம்மனைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் கேட்காது.

போன போட்டியில் அண்ணன் மோர்ஸ் தட்டும் விசையில் கை வைத்ததும் உலகமே எங்கள்மேல் வந்து விழுந்தது. ஜப்பான்காரனும் இத்தாலிக்காரனும் முண்டியடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் நிலையத்தின் பெயரான அழைப்புக் குறி 'வி' என்ற எழுத்தில் தொடங்கும். அதற்கு மூன்று புள்ளி, ஒரு கோடு. அண்ணனின் கை நடுங்கி ஒரு புள்ளி கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது. நான்கு புள்ளி, ஒரு கோடு என்றால் எண் நான்கு. அப்படித் தொடங்கினால் எங்கள் குறி, காற்றில் அபூர்வமாகக் கிடைக்கும் ஐ.நா. சபையின் குறி ஆகிவிடும். மணவாளக்குறிச்சித் தென்னந்தோப்பை ஐ.நா. சபை என்று நம்பி அத்தனை பேரும் ஓடிவந்திருக்கிறார்கள். போட்டி நடுவர்கள் பிறகு எங்கள் தொடர்புகள் எல்லாவற்றையும் செல்லாது என்று அடித்துவிட்டார்கள்.

சங்கம் அவசரமாகக் கூடியது. கை நடுங்குகிறது என்று அண்ணனிடமே சொல்லலாம் என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் ஒருவரை விலக்க வேண்டுமென்றால் விலக்கக் கூடாது, பொன்னாடை போர்த்த வேண்டும். பொன்னாடை விழுந்த தோள் அதன்பிறகு எந்த வேலைக்கும் ஆகாது. அடுத்த போட்டி நாளன்றே அண்ணனைக் 'கௌரவ ஆலோசகர்' ஆக்குவது என்று முடிவாயிற்று.

"அவருக்கு மனசு நோவாண்டாம், கேட்டியளா?" என்றார் தலைவர். "டீச்சர், நீங்க ஜோரா ஒரு வாழ்த்துமடல் எழுதிருங்க."

எழுத உட்கார்ந்தேன். 'விசையின் வேந்தே' என்று முதல் வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அது என்ன நடுக்கமோ, என்ன நோயின் தொடக்கமோ, அவர் மருத்துவரிடம் காட்டினாரா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். எனக்கு முழு டம்ளர், அண்ணனுக்கு அரை டம்ளர். மனைவியும் நடுக்கத்தைப் பார்த்துத்தான் இருக்கிறார்.

"அண்ணே, உங்க கை நடுங்குது. வி எல்லாம் நாலா விழுது. போன போட்டி போனது அதுனாலதான். நாளைக்கு உங்களுக்குப் பொன்னாடை போத்தி ஒதுக்கப் போறாவ" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்துபோய்ப் பயிற்சி விசையை எடுத்துவந்து மேசையில் வைத்து, எங்கள் குறியைத் தட்டினார்.

"மார்க் போடு மக்களே. தெளிவுக்கு எத்தனை?"

"ரண்டு" என்றேன்.

"ரண்டா? எனக்க காதும் போச்சுன்னு நெனச்சியா? ஒண்ணு."

ஒன்று என்றால் ஒன்றுமே புரியவில்லை என்று பொருள். உண்மை சொல்லப் போன நானும் ஒரு மதிப்பெண் கூட்டித்தான் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழுதே? நீயாவது வந்து சொன்னியே. வீட்டில கேட்டா 'வயசு'ங்கா. சபையில 'ஜெபிக்கோம்'ங்காவ. சங்கத்தில துணி வாங்கியாச்சு. திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறேன்" என்றார். பிறகு, "நாளைக்கு விசையில யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணே."

"செரி, நான் கேட்டு எழுதுதேன். ஆனா நீ எடவெளி விட்டு அனுப்பணும். கொடைக்குப் போற பஸ்ஸில ஆளு ஏறுனது போல, ஒனக்க எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கும்."

அழுகை சட்டென்று நின்றுவிட்டது. இத்தனை வருடமும் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்த மனிதர் இவர்.

"அப்ப எனக்கு எத்தனை அண்ணே?"

"மூணு" என்றார். யோசிக்கக்கூட இல்லை.