அந்தோனியாருக்குக் கீழே என் பெயர்ப்பலகை

மன்னார் நகரத்தின் பழைய தெருவில் அந்த அறையைப் பார்க்கப் போனபோது, விறாந்தையில் ஏற்கெனவே கழுதைகள் குடியிருந்தன. கட்டடத்தின் உரிமையாளர் அவற்றை விரட்டிவிட்டு, "இது ஒல்லாந்தர் கட்டினது, பிள்ளை" என்றார். கூரை ஒழுகுமா என்று கேட்டேன். ஒல்லாந்தர் காலத்து ஓடு என்றார். கதவு சாத்த மறுத்தது. ஒல்லாந்தர் காலத்து மரமாம். கழிவறை எங்கே என்றதற்குப் பின்வளவுப் பற்றையைக் காட்டினார். கடல் கடந்து வந்து நாட்டையே ஆண்டவர்கள் ஒருநாளும் கக்கூசுக்குப் போகவில்லையா என்ற கேள்வியை விழுங்கிக்கொண்டேன். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது.

நான் அப்போதுதான் சத்தியப்பிரமாணம் செய்த சட்டத்தரணி. நீதிமன்றம் கிட்ட என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் அந்த விறாந்தை. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா இந்தத் தெருவில்தான் மூட்டை தூக்கினார். ஒரு விறாந்தையிலும் ஏற விடமாட்டார்கள். கூலி வாங்குவதற்கும் கீழே வெயிலில்தான் நிற்க வேண்டும். அதே தெருவில் என் பெயர் தொங்க வேண்டும் என்று நினைத்தேன். வீம்புதான்.

"எந்த ஊர் ஆக்கள் நீங்கள்?" என்று உரிமையாளர் கேட்டார்.

"முருங்கன் பக்கம்."

"அதுக்கு முந்தி?"

"மலையகம்."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன், இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, குத்தகையில் விறாந்தையையும் சேர்த்து எழுதி வாங்கினேன்.

பெயர்ப்பலகை மாட்டப் போனால் புது வில்லங்கம். ஒல்லாந்தர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். கடைசியில் மனமிரங்கி, ஏற்கெனவே இருந்த ஒரேயொரு ஆணியைக் காட்டினார். வாசலோரம் மாடத்தில் நின்ற அந்தோனியார் சுரூபத்துக்கு மாலை தொங்கவிட யாரோ அடித்த ஆணி அது. கடலுக்குப் போகிறவர்கள் புனிதரின் காலடியைத் தொட்டு, சிலுவை போட்டுவிட்டுப் போவது வழக்கம். பலகையை மாட்டியதும் காலடி மறைந்துவிட்டது.

அவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. கை எட்டிய இடத்தில் என் பெயர் இருந்தது, அதையே தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு கிழமைக்குள், மாடத்தில் ஏற்றிய திரிகளின் மெழுகு என் பெயருக்குப் பின்னாலிருந்த பட்டத்தின் மேல் வழிந்தது. வழக்கு ஒன்றும் வரவில்லை, நேர்த்திக்கடன்தான் வந்தது.

பலகையைப் பார்க்க அப்பா வந்தார். வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"மேல வாங்கப்பா."

"இருக்கட்டும்மா. இங்கேருந்தே நல்லா தெரியுது."

அந்த நேரம் பார்த்து ஒரு மீனவர் வந்தார். செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு ஏறி, என் பெயரைத் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அப்பா வாயைப் பிளந்தார்.

"என்னம்மா இது, ஒன்னைய கும்புடுறாங்க?"

"சாமியைத்தாம்பா. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்."

சத்தம் கேட்டு உரிமையாளர் வெளியே வந்தார். "ஏன் ஐயா வெயிலுக்க நிக்கிறியள்? ஏறி வாங்கோ" என்றார்.

அப்பா அசையவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இந்த வெறாந்தாவும் ஒன்னோடதாம்மா?"

"ஆமாப்பா. எழுதி வாங்கியிருக்கேன்."

அப்பா செருப்பைக் கழற்றாமல் படியேறினார். உரிமையாளர் ஒல்லாந்தர் தரையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அப்பா உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன்.