பிள்ளத்தாச்சிக்குப் போட்ட சீனி

எங்கள் வீடு உச்சிப்புளியில், இராமேஸ்வரம் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. இதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டியதில்லை. அமாவாசைக்குக் கடலாடப் போகிற சொந்தம் அத்தனையும் முதல் நாளே இங்கே வந்து இறங்கிவிடும். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சீப்பு, துண்டு, தேங்காய் எண்ணெய், சார்ஜர் என்று எதையாவது தேடிக்கொண்டு, மூடியிருக்கிற ஒவ்வொன்றையும் திறப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கென்று மூடிவைக்க ஓர் இழுப்பறைகூட வாய்த்ததில்லை. இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் ராணி எறும்பு வளர்க்க ஆசைப்பட்டேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒற்றை ராணியை வைத்து ஒருவர் ஒரு கூட்டத்தையே உண்டாக்கியதை யூடியூபில் பார்த்ததும், குழாயும் பஞ்சும் என் கையிலேயே கிடக்கிறதே என்று தோன்றிவிட்டது. ராணி கிடைப்பதுதான் பெரும்பாடு. முதலில் பிடித்தது தலை பெருத்த வெறும் வேலைக்காரக் கட்டெறும்பு. அது முட்டையிடும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன், என்னைச் சொல்ல வேண்டும். அடுத்தது இறகோடு கிடைத்தது. ஆண். பிடித்த மறுநாளே செத்துப்போனது.

மார்கழியில் பெய்த பின்மழைக்கு மறுநாள், பரிசோதனைக் கூடத்து வாசற்படியில் இன்னொன்று ஊர்ந்துபோனது. அளவான தலை, தடித்த நடு உடம்பு, நீண்ட வயிறு. நடு உடம்பின் இரு பக்கமும் இறகு உதிர்ந்த தழும்பு. சந்தேகமே இல்லை, ராணிதான். குழாயின் அடியில் தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடினேன். முதல் பிள்ளைகள் வரும்வரை அதற்குத் தீனி வேண்டாம். பறக்க உதவிய சதையையே கரைத்துப் பிழைத்துக்கொள்ளும். வேண்டியதெல்லாம் இருட்டும் அமைதியும்தான். மிரண்டால் இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். பீரோவில் என் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். சில நாளில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் தெரிந்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தை அமாவாசை வந்தது. என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, அபிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். துண்டு தேடிய மதினியின் கையில் குழாய் சிக்கிவிட்டது. அது என்னவென்று என் கணவர் விளக்கியிருக்கிறார். தொடக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். போன் வெளிச்சத்தில் வேன் மொத்தமும் பார்த்திருக்கிறது. போதாக்குறைக்கு மதினி பஞ்சை உருவி ஒரு சிட்டிகை சீனியும் போட்டுவிட்டார். சனிக்கிழமைதோறும் எறும்புக்குச் சீனியும் பச்சரிசி மாவும் தூவுகிறவர் அவர். கடலாட வந்த இடத்தில் இப்படி ஒரு புண்ணியம் கைக்கெட்டினால் விடுவாரா?

நான் வந்து கத்தினேன். அவர் அசரவில்லை.

"ஏத்தா, பிள்ளத்தாச்சியப் பட்டினி போட்டு அடைச்சு வச்சிருக்க. நீயெல்லாம் ஒரு பொம்பளயா?"

அடுத்தடுத்த நாட்களில் முட்டைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பூச்சிக்காகவா அழுகிறாய் என்று கணவர் கேட்டார். பூச்சிக்காக மட்டும் அழவில்லை என்பதை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

ராணியைப் புதுக் குழாய்க்கு மாற்றி, வீட்டில் கிடக்கும் என் சிரிஞ்சு டப்பாவுக்குள் வைத்தேன். குடும்பத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். குத்தி ரத்தம் எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் அந்த டப்பா பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். இது எனக்கு முதலிலேயே தோன்றித் தொலைத்திருக்கலாம்.

மதினியோ போன் செய்யும்போதெல்லாம் அந்தப் பிள்ளத்தாச்சி என்ன செய்கிறது என்று கேட்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றும் செய்யவில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ராணி மறுபடி முட்டையிட்டதையும், புழு வந்ததையும், புழு கூடு கட்டிக்கொண்டதையும் மூச்சுவிடவில்லை.

பங்குனியில் ஒருநாள் காலையில் டப்பாவைத் திறந்தேன். ராணியின் காலடியில் வெளிறிய குட்டி எறும்பு ஒன்று தள்ளாடிக்கொண்டு நின்றது. ராணி குனிந்து அதன் வாயோடு வாய் வைத்து ஊட்டியது. ஓடிப்போய்க் கணவரைக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்துவிட்டு, காபி போட்டாச்சா என்றார்.

இந்த வீட்டில் யாரிடம் போய் இதைச் சொல்வது? சந்தோஷப்பட ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்று தெரிந்தபோது இன்னும் எரிச்சலாக வந்தது. மதினிக்கு நானே போன் செய்து, பிள்ளை பிறந்துவிட்டது என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அன்னைக்கு நான் போட்ட சீனிதான்த்தா. அந்தத் தெம்புலதான் பெத்திருக்கு. உன்னைய நம்புனா செத்துல போயிருக்கும்."

நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் விழுங்கினேன். பிள்ளை வந்தாயிற்று, இனி அந்தக் குழாய்க்கு இனிப்பு வேண்டும்தான்.

"ஆமா மதினி," என்றேன். "ஆடி அமாவாசைக்கு வாரப்ப நீங்களே போடுங்க."