மிஸ்ஸுக்கு வைத்த போஞ்சிக் கறி

எங்கள் காணியில் போஞ்சி, அதாவது பீன்ஸ், பாத்தி இரண்டு. ரோட்டோரம் இருப்பது லொறிக்கு, சமையல் குசினிக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பாத்தி வீட்டுக்கு. லொறிக்குப் போவதற்கு வாரம் தவறாமல் பூச்சி மருந்தடிப்போம். வீட்டுப் பாத்திப் பக்கம் மருந்து டேங்க் போகவே போகாது. பலாபத்வலப் பக்கம் மரக்கறிப் பயிர் செய்கிற முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதே கதைதான். ஆனால் யாரும் வாய் விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அன்றைக்கு விவசாயப் போதனாசிரியை வந்திருந்தார். மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண். எங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல வந்த முதல் ஆபீசர் அவர்தான், அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். மருந்தைக் குறைத்துப் பயிர் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் தண்ணீர் மோட்டர் கொடுக்கிறது. மிஸ் சிபாரிசு செய்தால் எங்களுக்கும் வரும். ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து என் கழுத்தே போய்விட்டது. எனக்கு அந்த மோட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

மிஸ் ரோட்டோரப் பாத்தியில் குனிந்து இலைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப மருந்தடிச்சீங்க அண்ணா?"

"அதெல்லாம் எப்பவோ விட்டுட்டோம் மிஸ்," என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் கூசாமல். முந்தின நாள் சாயந்திரம்தான் அடித்திருந்தார். இரவுத் தூறலில் வாடை மட்டும் போயிருந்தது.

மத்தியானம் சாப்பாடு. எங்கள் வீட்டு இறைச்சி ஹலால் இல்லை, மிஸ் சாப்பிடமாட்டார் என்று எல்லாம் மரக்கறிதான். சமைத்தது ரத்தோட்டையிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்த என் நாத்தனார். சட்டியைத் திறந்து பார்த்தேன். போஞ்சியில் ஒரு பூச்சிக் கடி இல்லை. வீட்டுப் பாத்தியில் அப்படிக் காய்க்கவே காய்க்காது.

"எங்க பறிச்ச?" என்று அவள் காதோடு கேட்டேன்.

"ரோட்டோரந்தான் அண்ணி. ஆபீசர் அம்மாவுக்குப் போயி சொத்தையவா வைக்கிறது?"

அதற்குள் மிஸ்ஸின் தட்டில் கறி விழுந்துவிட்டது. வீட்டுக்காரருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சும்மா இரு என்று கண்ணாலேயே அதட்டினார். பாவி மனுஷன்! சொன்னால் மோட்டர் போச்சு. மிஸ் பிஸ்மி சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். கவளம் வாய்க்குப் போகும் முன்னே நான் தட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"வேணாம் மிஸ். நேத்து மருந்தடிச்ச போஞ்சி."

மிஸ் கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து கை கழுவினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த நேரம் பார்த்துத் தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற லொறி வாசலில் ஹார்ன் அடித்தது. காலையில் பறித்த போஞ்சி மூட்டை ரோட்டோரத்தில் கட்டித் தயாராக இருந்தது.

மிஸ் அந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் தட்ட எடுத்துட்டீங்க அக்கா. அத யாரு எடுக்கிறது?"

வீட்டுக்காரர் போய் மூட்டையைத் தூக்கினார். நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"விடுடி. மோட்டரத் தொலச்சது போதாதா?"

"மிஸ்ஸு திங்கக்கூடாதத ஒருத்தரும் திங்க வேணாம்."

லொறிக்காரன் இன்னும் இரண்டு தரம் ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். அதற்குப் பிறகும் நாங்கள் இரண்டு பேரும் மூட்டையை விடவில்லை.