படுத்துக்கொண்ட டிவி

பதுளையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுபவர். நெற்றியில் எப்போதும் மாவு. நாடகம்கூட நின்றபடியேதான் பார்ப்பார்.

அகலத்தைவிட உயரம் கூடிய திரை கேட்கும் பழைய விமானச் சண்டை வீடியோ விளையாட்டுக்காக அவருடைய பெட்டி டிவியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு, பாரமான பக்கம் கீழே, காற்றுத் துளைகள் மூடாமல். ஆட்டத்தில் நேரம் போனது தெரியவில்லை. நாடகத்துக்கு அக்கா வந்துவிட்டார்.

"இந்தா நிமித்திடுறேன் அக்கா!"

"சூட்டோட தூக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தே பார்த்தார். மறுநாள், ஆறிய டிவியை நிமிர்த்தப் போனேன்.

"கைய வச்சீங்கன்னா சோறு கிடையாது! நின்னா ஆளுக்கொரு வேலை சொல்றாங்க. டிவியே படுத்திருக்கப்ப என்னைய எவன் எழுப்புவான்?"

அதன்பின் எனக்கு விளையாட முறையே வரவில்லை. அழுகை நாடகத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.