மாடி வீடு தெரியாத போட்டோ

சித்தூரில் மாங்கூழ் எடுக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. மாம்பழக் காலத்தில் மூன்று மாதம் தலை நிமிர முடியாது. மற்ற மாதங்களில் நிமிர்ந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் கேமரா வாங்கினேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். "போன்லயே நல்லாத்தான வருது" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தவறில்லை. போனில் எல்லாம் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது எல்லாம் தெரியாத படம்.

என்னுடையது மிரர்லெஸ் கேமரா. பழைய வகைக் கேமராக்களில் உள்ளே ஒரு கண்ணாடி இருந்து, எதிரில் இருப்பதை அப்படியே கண்ணுக்குக் காட்டும். இதில் அந்தக் கண்ணாடி கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு குட்டித் திரை இருக்கும். எடுக்கப்போகும் படம் எப்படி வருமோ அது முன்கூட்டியே அதில் தெரிந்துவிடும். நான்கு வருடம் பழகிய பிறகு, அந்தத் திரையில் தெரிவதுதான் எதிரிலும் இருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்புறம் ஒரு லென்ஸ் வாங்கினேன், ஆள் முகம் எடுப்பதற்கென்றே செய்தது. வெளிச்சம் நுழையும் துளையை முழுதாகத் திறந்து வைத்து எடுத்தால் கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம், காதுக்குப் பின்னால் உலகமே இருக்காது. திருப்பதியில் என்னைப்போல் ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. சந்திரகிரிக் கோட்டையில் காலையில் கூடுவோம், இடிந்த சுவரில் வெயில் விழுவதை எடுப்போம், பிறகு இட்லி சாப்பிடப் போவோம். படங்களை வாட்ஸப் குழுவில் போட்டால் ஒருவரை ஒருவர் மனம் நோகாமல் பாராட்டிக்கொள்வோம். நேராக நின்று கேமராவைப் பார்க்கிற படத்துக்கு அந்தக் குழுவில் மரியாதை இல்லை. அது ஆதார் கார்டுக்கு எடுப்பது.

என் அக்கா வீடு கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு ஊரில் இருக்கிறது. அவளுக்கு ஒரே மகள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வயது இருபத்தாறு. மூன்று வயதில் கொதிக்கிற கஞ்சி சாய்ந்து இடது கன்னத்தில் பட்டுவிட்டது. காதுக்குக் கீழிருந்து தாடை வரை தோல் சுருங்கி, நிறம் மாறியிருக்கும். அக்காதான் அன்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. அக்கா அவளுக்குத் தலைவாரும்போது இடது பக்கம் கொஞ்சம் முடியைத் தழைய விடுவாள், அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில் அக்கா போன் செய்தாள். சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது, பையனுக்கு சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி வேலை, தரகர் போட்டோ கேட்கிறார் என்றாள். "நீதான் பெரிய கேமரா வெச்சிகீறியே. தாய்மாமன் எடுத்தா ராசியாவும் இருக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கம் பொண்ணு போட்டோ என்றால் அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. பெண் பட்டுப்புடவையில் நேராக நிற்க வேண்டும். தலையிலிருந்து கால் வரை தெரிய வேண்டும். முக்கியமாக, வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் நாலைந்து பேர் கூடி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இரும்பு கேட்டா, ஸ்டீல் கேட்டா, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி எத்தனை, ஏசி மாட்டியிருக்கிறதா, பைக் யாருடையது. பெண்ணைப் பார்ப்பது கடைசியில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. என் தகுதிக்குக் கீழானது என்று நினைத்தேன்.

அக்கா வீட்டுக்காரர் மூன்று வருடம் பாடுபட்டு மேலே ஒரு மாடி எழுப்பியிருந்தார். முன்பக்கம் கிளிப்பச்சை, தூண்களுக்கு ஆரஞ்சு, வாசலுக்கு மேலே சாமிப்படம் போட்ட டைல்ஸ். அந்த நிறங்கள் என் படத்தில் வருவதை என்னால் சகிக்க முடியவில்லை. பெண்ணை வீட்டிலிருந்து தள்ளி, கொய்யா மரத்தடிக்கு அழைத்துப்போனேன். மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்றேன். திரும்பினாள். வலது கன்னம், வலது கண், காதில் ஜிமிக்கி. பின்னால் மாடி வீடு பச்சையும் ஆரஞ்சுமாகக் கரைந்து கேசரி மாதிரி ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களில் நல்ல படம் அது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

குழுவில் போட்டேன். கொண்டாடினார்கள். அக்கா தரகருக்கு அனுப்பினாள்.

நாலாம் நாள் தரகர் எனக்கே போன் செய்தார். புத்தூர்க்காரர். தமிழில் ஆரம்பித்து, சங்கடமான இடம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார்.

"போட்டோ பாகுந்தி சார், நல்லா கீது. ஆனா 'இல்லு ஏதி'ன்னு கேக்கறாங்கோ. வூடு எங்க?"

"பின்னாடி இருக்குதே" என்றேன்.

"பின்னாடி ஒண்ணுமே தெரியலயே சார். மரத்தடில நிக்க வெச்சு எடுத்தா என்னா அர்த்தம்? வூடு இல்லாதவங்களா, இல்ல வூடு கேஸுல கீதான்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்கறாங்கோ. வேணும்னே அழிச்சிருக்காங்கன்னு அவுங்க பையனே சொல்றானாம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் கேட்டாங்கோ. மூஞ்சில அந்தப் பக்கம் இன்னா மறைச்சிகீறாங்கன்னு."

எனக்குக் கோபம்தான் வந்தது. நேர்மையாகச் சொன்னால், அக்கா மகளுக்காக வந்த கோபம் இல்லை. படத்துக்காக வந்தது. வெளிச்சம் தெரியுமா இவர்களுக்கு, பின்புலம் கரைவது எதற்கென்று தெரியுமா என்று என் மனைவியிடம் அரை மணி நேரம் பேசினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கேட்டது சரிதான?" என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனிதர். அவரே போனில் சொன்னார், "முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன் மச்சான். நீ மாடி வீட்டையே மறைச்சிட்டியே." அக்கா அவரிடமிருந்து போனைப் பிடுங்கி அழுதாள். "டவுன்ல போட்டோகாரன் இல்லயா? அவன் நேரா நிக்க வெச்சு எடுத்திருப்பான். உன்ன நம்பினேன் பாரு."

அன்று சாயங்காலம் அவள் மகள் பேசினாள். லேபில் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

"மாமா, ஞாயித்துக்கிழமை வா. இன்னொண்ணு எடுக்கலாம். நேரா எடு. வூடும் தெரியட்டும், நானும் தெரியறேன்."

"உங்கம்மா இன்னா சொல்லுவா?"

"அம்மாவ வுடு. முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க இல்ல? அதுக்கும் போட்டோல முடிய இழுத்து வுட்டுத்தான் அனுப்பினாங்க. வந்து பஜ்ஜி துன்னாங்க, காபி குடிச்சாங்க, என்னப் பாத்தாங்க, எழுந்து போய்ட்டாங்க. நான் தட்டு எடுத்துக்கினு போய் நிக்கணும் மாமா. அவங்க மூஞ்சி மாறுதே, அத நான்தான் பாக்கணும். போட்டோலயே தெரிஞ்சா, வேணான்றவங்க அவங்க வூட்லயே இருப்பாங்க. எனக்கு பஸ்சுக்கும் லீவுக்குமாவது மிச்சம்."

பேச்சு இவ்வளவுதான். அழவில்லை. இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ லென்ஸைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். படம் எடுப்பவர்கள் கேமராவைப் பையில் வைத்துவிடுகிற நேரம் அது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, எதுவும் எதற்குப் பின்னாலும் ஒளிய முடியாது. முகம் எடுக்கும் லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவோடு சேர்த்துக் கொடுத்த சாதாரண லென்ஸை மாட்டினேன். அக்கா வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்து கேட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "மாடி மேல டேங்க்கும் வருதான்னு பாத்துக்க மச்சான்" என்றார். மாடிப்படி, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, தூண் எல்லாம் திரையில் பளிச்சென்று உட்கார்ந்தன.

அவள் தலைமுடியை இடது காதுக்குப் பின்னால் இழுத்து இறுக்கிக் கிளிப் போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா சீப்போடு பின்னாலேயே வந்தாள். "அம்மா, நீ உள்ள போ" என்றாள் மகள். அக்கா போனாள். ஜன்னல் வரைதான் போனாள்.

"மொதல்ல இந்தப் பக்கம் ஒண்ணு எடு மாமா" என்று இடது கன்னத்தை எனக்குக் காட்டி நின்றாள்.

என் கேமராவில் ஒரு வசதி உண்டு. ஆளைக் காட்டினால் ஒரு சின்னச் சதுரம் தானாகப் போய்க் கண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆள் அசைந்தாலும் விடாது. அன்று அந்தச் சதுரம் அவள் கண்ணில் உட்காரவில்லை. முகம் முழுக்கத் தடவியது, நின்றது, போனது. வெயில் அதிகம் என்றேன். பட்டனை மாற்றி மாற்றி அழுத்தினேன். அவள் அசையாமல் நின்றாள். அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். எந்தக் கண் என்று ஓர் இடம் இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது அது தானியங்கியில் இருக்கும். என்னுடையதில் வலது கண் என்று இருந்தது. படத்தில் நிற்பவருடைய வலது கண்.

எப்போது மாற்றினேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. அந்தக் கேமராவை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

"இன்னா மாமா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, செட்டிங்" என்றேன். மாற்றினேன். சதுரம் நேராகப் போய் இடது கண்ணில் உட்கார்ந்தது. அதன் கீழே கன்னத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாக இருந்தது. இருபத்து மூன்று வருடமாக நான் பார்த்திருக்க வேண்டிய ஒன்றை அந்தக் குட்டித் திரையில் முதல் தடவை பார்த்தேன். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. இரண்டு எடுத்தேன். பிறகு நேராக நிற்க வைத்து, வீடு முழுதும் வர, ஆறு.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து பழைய படங்களைப் பார்த்தேன். அக்கா மகள் என்று ஒரு ஃபோல்டரே வைத்திருக்கிறேன். பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம், திருப்பதியில் அவள் அறைத் தோழிகளோடு ஒரு பிறந்தநாள். எல்லாம் வலது பக்கம். இடது பக்கம் தெரிகிற இடத்தில் ஒரு பூச்சரம், ஒரு தோள், ஒரு கை. புதுமனை புகுவிழாவில் ஒன்றில் மட்டும் அவள் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். தூணின் நிழல் இடது கன்னத்தில் விழும்படி நான் நகர்ந்து நின்றிருக்கிறேன். அந்த நிழலைக் குழுவில் ஒருவர் தனியாகப் பாராட்டியிருந்தார். நான் நன்றி சொல்லியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

சூளூர்பேட்டைக்காரர்கள் கேட்டது அப்படியொன்றும் தவறில்லை. அந்தப் பக்கம் மறைத்திருந்தது உண்மைதான்.

புதுப் படம் போய்ச் சேர்ந்து மூன்று நாள் பதில் இல்லை. அக்கா தினமும் இரண்டு தடவை போன் செய்து, ஒன்றும் கேட்காமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்தாள். வியாழக்கிழமை தரகர் கூப்பிட்டார்.

"சார், ஆதிவாரம் வராங்களாம்."

"போட்டோ பாத்தாங்களா?"

"பாக்காம இன்னா. வூடு அவுங்களுக்குப் பிடிச்சிருக்கு. அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்கோ. மாடிக்குப் படி வெளில கீதா, உள்ள கீதா? வெளிலன்னா மேல வாடகைக்கு வுடலாமாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கலயே சார்."

உடனே அக்கா மகளுக்குப் போன் போட்டேன். லேபில் அதே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று சொன்னேன். மாடிப்படி விஷயத்தைச் சொன்னேன், சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து, "அதப் பத்தி ஒண்ணுமே கேக்கலியாம்" என்றேன்.

"எதப் பத்தி?" என்றாள்.

மிஷின் நின்றது. அவள் காத்திருந்தாள்.

"சொல்லு மாமா. எதப் பத்தி?"

"உன் கன்னத்துல அந்தத் தழும்பப் பத்தி" என்றேன்.

"இத உன் வாயால சொல்றதுக்கு இருவத்து மூணு வருஷம் ஆச்சு உனக்கு" என்றாள். பிறகு, "படி வெளிலதான்னு சொல்லிடு" என்று போனை வைத்தாள்.